எடை இறங்குறது நின்னுபோச்சா? டயட்டை மாத்துறதுக்கு முன்னாடி...



"நாலு மாசமா ராத்திரி சோறே தொடறதில்ல. ஆறு கிலோ இறங்குச்சு. இப்போ ரெண்டு மாசமா முள்ளு நகரவே மாட்டேங்குது. வேற டயட்டுக்கு மாறிடலாமா?"

கிளியனூர் சுற்றுவட்டாரக் குழுக்களில் சேமிப்புக் கணக்கு முடிந்து உடல்நலப் பேச்சு தொடங்கினால், இப்போதெல்லாம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் வீண் ஆசைக்காகக் கேட்கவில்லை. முட்டி வலிக்கிறது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, "எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் உயரத்துக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் (2015-16) இது 31 ஆக இருந்தது. அதே 2019-21 கணக்கெடுப்பில் 100-க்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்திருக்கு, ஆனா ரத்தம் இல்லை. டயட் விஷயத்தில் நம்ம பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

முள் நின்றதும் டயட்டை மாற்றுவது என்பது நம்ம பக்கம் ஒரு சுற்றுலா மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஏழு நாள் டயட்: ஒருநாள் பழம், ஒருநாள் காய், ஒருநாள் வாழைப்பழமும் பாலும். அது நின்றதும் சிறுதானிய டயட். பிறகு பேலியோ. நியாண்டர் செல்வன் தமிழில் எழுதிய கட்டுரைகளாலும், அவர் தொடங்கிய இணையக் குழுவாலும் 2010-களில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய முறை இது. அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்திவிட்டு முட்டை, மாமிசம், கொழுப்பு, காய் என்று சாப்பிடுவது. அதுவும் நின்றால் 16 மணி நேரம் பட்டினி கிடந்து 8 மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறை. கடைசியில் யாராவது வீட்டுக்கே வந்து விற்கும் பவுடர் டப்பா. ஒவ்வொன்றையும் சிலாகித்துப் பேச ஒருத்தர் இருக்கிறார். "இதுக்கு மாறின உடனே ரெண்டு கிலோ இறங்கிச்சு" என்பார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த ரெண்டு கிலோ என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வாரத்து இரண்டு கிலோ

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி எல்லாம் சர்க்கரைச் சத்தாக மாறி, அதில் ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கிறது. நம்ம குழுவின் கையிருப்புப் பணம் மாதிரி, அவசரத்துக்கு உடனே எடுக்கக்கூடியது. இந்தச் சேமிப்பு தனியாக இருப்பதில்லை. ஒரு கிராம் சேமிப்போடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முதலில் இந்தக் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கும். கூடவே அந்தத் தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ, ரெண்டு கிலோ இறங்கியதாகத் தராசு காட்டும். கொழுப்பு குறைந்தது அதில் கொஞ்சம்தான்.

அதனால் எந்தப் புது டயட்டாக இருந்தாலும், அதில் சோறு குறைகிறது என்றால் முதல் வாரம் அது வேலை செய்வது போலத்தான் தெரியும். மூன்றாவது வாரம் மறுபடி நிற்கும். கல்யாண வீட்டில் ஒருவேளை வயிறாரச் சாப்பிட்டால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்து, "ஒரே நாள்ல ஒன்றரைக் கிலோ ஏறிடுச்சே" என்று அழ வைக்கும். ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே பத்தாயிரம் கலோரிக்கு அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். யாராலும் முடியாது. டயட்டுக்கு டயட் தாவுகிறவர்கள் பல நேரம் இந்த ஒரே தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

முள் ஏன் நிற்கிறது?

72 கிலோ இருந்த சகோதரி 66-க்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கிலோ சுமை குறைந்த உடம்புக்கு மூச்சு விட, நடக்க, வேலை செய்ய எல்லாவற்றுக்கும் கொஞ்சம் குறைவான சக்தியே போதும். பாரம் குறைந்த மாட்டு வண்டியை இழுக்க மாட்டுக்குக் குறைந்த தீவனம் போதும்ல, அது மாதிரி. ஒரு கிலோ குறைந்தால் ஒரு நாள் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்பது ஆய்வாளர்கள் கணக்கு. ஆறு கிலோவுக்கு 120 முதல் 180 கலோரி. ஒரு கரண்டி சோறு, அவ்வளவுதான். அதே கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: ஒரு கிலோ குறைந்தால் நாள் ஒன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவு பசி கூடுகிறது. ஆறு கிலோவுக்கு 600 கலோரி. எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு தோசை! உடம்பு செலவைக் குறைத்துக்கொண்டே, "இன்னும் கொடு, இன்னும் கொடு" என்று கேட்கிறது. இதில் மன உறுதி இல்லாமை என்று யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உடம்பு இப்படி ஏன் செய்கிறது என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் பாதி அளவு உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் எடையில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி அதைவிட அதிகமாக, 100-க்கு 40 அளவு வரை குறைந்துபோனது. குளிர் தாங்கவில்லை, நடை தளர்ந்தது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகம் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார்கள்! பஞ்ச காலத்தில் பிழைக்க உடம்பு கற்றுவைத்த பாடம் அது. மழை மாதங்களில் உப்பளம் மூடி வருமானம் நின்றால் நாம் வீட்டுச் செலவை எப்படி இறுக்கிப் பிடிப்போமோ, அதே புத்திதான் உடம்புக்கும்.

வேகமாக இறக்கினால் இந்த இறுக்கம் இன்னும் கெட்டியாகும். அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி வைத்த ஒரு டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த முடிவு 2016-ல் வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனாலும் அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. "30 நாளில் 10 கிலோ" என்று நோட்டீஸ் ஒட்டுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, டயட்டை மாற்றினால்?

எந்த டயட் சிறந்தது என்று பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-ல் வெளியான ஆய்வில் 811 பேரை நாலு பிரிவாகப் பிரித்து, கொழுப்பு, புரதம், மாவுச்சத்து வேறு வேறு அளவில் உள்ள நாலு வகை உணவு கொடுத்தார்கள். நாலு பிரிவிலும் ஆறாவது மாதம் சராசரி ஆறு கிலோ குறைந்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நாலு பிரிவிலும் எடை மெல்லத் திரும்பியது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் கொழுப்பைக் குறைத்த உணவையும் மாவுச்சத்தைக் குறைத்த உணவையும் ஒரு வருடம் ஒப்பிட்டது. ஒரு பக்கம் 5.3 கிலோ, இன்னொரு பக்கம் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரே பிரிவுக்குள்ளேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தது. யார் விடாமல் கடைப்பிடிக்க முடிந்ததோ அவர்களுக்குப் பலன்.

அதனால் என் கருத்து இது: முள் நின்றுவிட்டது என்பது மட்டும் டயட்டை மாற்றக் காரணம் ஆகாது. இப்போது சாப்பிடும் முறையை உங்களால் தொடர முடியவில்லை, வீட்டில் இரண்டு சமையல் செய்ய வேண்டியிருக்கிறது, கையில் காசு கரைகிறது, எந்நேரமும் தலைசுற்றல் என்றால், அப்போது மாற்றுங்கள். அது நல்ல காரணம்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. "அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறிட்டேன், அப்பவும் இறங்கல" என்பவர்கள் உண்டு. 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால் 100 கிராம் கேழ்வரகில் 320, 330. பெரிய மிச்சம் கிடையாது. கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, பசி தாங்கும். அதனால் நல்ல உணவு. ஆனால் களியை உருண்டைக்கு மேல் உருண்டை போட்டுக்கொண்டால் சோற்றைவிட அது எந்த விதத்திலும் இளைக்க வைக்காது. மல்லாட்டையும் அப்படித்தான். நல்ல சத்துதான், ஆனால் டிவி பார்த்துக்கொண்டே ஒரு கைப்பிடி கொறித்தால் 170 கலோரி உள்ளே போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சாப்பாடு

1992-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு சின்ன ஆய்வு சுவாரசியமானது. "நாங்க 1,200 கலோரிக்குக் குறைவாத்தான் சாப்பிடறோம், ஆனா எடை இறங்கல" என்று சொன்ன 10 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அறிவியல் முறையில் அளந்தார்கள். சொன்னதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள். செய்ததாகச் சொன்ன உடற்பயிற்சியும் உண்மையில் அவ்வளவு இல்லை. அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. சாப்பாடு அப்படி மறந்துபோகிற விஷயம்.

நம்ம வீட்டில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். குழம்பு ருசி பார்ப்பது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போடுவது, சட்டியில் ஒட்டிய பொரியலை வழித்துச் சாப்பிடுவது: இதெல்லாம் நம்ம கணக்கில் சாப்பாடே இல்லை. அப்புறம் டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நாளைக்கு ஐந்து குடித்தால் சர்க்கரை மட்டுமே 50 கிராம், 200 கலோரி. பால் கணக்கு தனி. முன்னே சொன்ன ஆறு கிலோவுக்கான 180 கலோரி இதிலேயே போய்விட்டது பாருங்கள்.

எண்ணெய்தான் பெரிய திருடன். ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. ரேஷனில் வாங்கும் ஒரு லிட்டர் பாமாயிலில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் வனஸ்பதியும் உட்பட. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது? வரவு செலவு நோட்டு எழுதும் நமக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எண்ணெய் வாங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தாலே போதும்.

டயட்டை மாற்றுவதற்குப் பதில் ஒரு வாரம், ஏழே நாள், வாயில் போடும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தரலாம். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதும்போதே பாதி குறைந்துவிடும் என்பது பலர் அனுபவம்.

முள் நிஜமாகவே நின்றதா?

இதையும் சரிபார்க்க வேண்டும். மெடிக்கல் கடையில் ஒரு தராசு, ரயில்வே ஸ்டேஷனில் ஒரு தராசு என்று மாறி மாறி ஏறினால் கணக்கு வராது. ஒரே தராசு, வாரத்தில் ஒரே நாள், காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேலும் கூடுதலாகக் காட்டும். முந்தின நாள் கருவாட்டுக் குழம்போ ஊறுகாயோ ஒரு பிடி பிடித்திருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதனால் மூன்று நாள் முள் நகரவில்லை என்பது ஒன்றுமே இல்லை. நாலு வாரம் ஒரே இடத்தில் நின்றால்தான் நின்றது என்று அர்த்தம்.

தராசோடு ஒரு டெய்லர் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம உறுப்பினர்களில் தையல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தொப்புள் மட்டத்தை ஒட்டி இடுப்பைச் சுற்றி அளந்தால் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியர்களுக்கான அளவு. சுமார் முப்பத்தொன்றரை அங்குலம். எடை நிற்கும்போதும் இடுப்பு குறையும் காலங்கள் உண்டு. வயிற்றுக் கொழுப்பு குறைவதுதான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது.

இந்த இடத்தில் நம்ம சென்னையில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, நடைப்பயிற்சியையும் விடாமல் செய்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், அப்படிச் செய்தவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு முள் நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே வியாதி தள்ளிப்போயிருக்கிறது. "எடை இறங்கலையே, எதுக்கு நடக்கணும்" என்று நடையை நிறுத்திய சகோதரிகள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒன்று. ஆறு மாதம் இறங்கிய எடையை ஏறாமல் பிடித்து வைத்திருப்பதே ஒரு வேலை. இரண்டு, மூன்று மாதம் "இப்போ இறக்க வேண்டாம், ஏறாம பாத்துக்கிட்டா போதும்" என்று விட்டுப் பிடிப்பதில் தவறில்லை.

மேலும் இறக்க வேண்டியிருந்தால் தட்டில் சோற்றைக் குறைத்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். நம்ம பெண்கள் செய்யும் டயட்டில் நான் பார்க்கும் பெரிய குறை இதுதான்: சோறு குறையும், அதற்குப் பதில் எதுவும் வராது. பட்டினி கிடந்து எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறையும், முள் இன்னும் சீக்கிரம் நிற்கும். தசையைக் காப்பது புரதமும் உடல் உழைப்பும். 55 கிலோ பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 கிராம். மரக்காணம் கடல் பக்கத்தில் இருக்கும் நமக்கு நெத்திலியும் மத்தியும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் பவுடர் எதற்கு? வறுக்காமல் குழம்பு வையுங்கள். சைவச் சகோதரிகளுக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மோர். தட்டில் பாதிக்குக் கீரையும் காயும். முருங்கை மரம் இல்லாத வீடு நம்ம ஊரில் எது?

பவுடர் என்றதும் காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு டப்பா 2,000 ரூபாய், முட்டை 7 ரூபாய் என்று வைத்தால், அந்தக் காசில் 285 முட்டை வாங்கலாம். வீட்டில் நாலு பேரும் நாளைக்கு ஒன்று சாப்பிட்டாலும் 70 நாளுக்கு வரும். உள்கடன் வாங்கி டப்பா வாங்குவதும், அதை விற்கும் ஏஜென்டாகச் சேர இன்னொரு கடன் வாங்குவதும் சில குழுக்களில் நடக்கிறது. கடன் எதற்கு என்று தீர்மான நோட்டில் எழுதும்போது ஊக்குநர்கள் இதை ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். "டப்பாவுல உணவுப் பாதுகாப்பு நம்பர் இருக்கே" என்பார்கள். அது உணவுப்பொருள் தயாரிக்கவும் விற்கவும் கொடுத்த உரிமத்தின் எண். எடை குறையும் என்பதற்கான சான்று அல்ல.

உழைப்பு விஷயத்தில் நம்மில் இரண்டு வகை இருக்கிறோம். உப்பு வாரி, கூடையில் சுமந்து கொட்டும் சகோதரிகளுக்கு யாரும் உடற்பயிற்சி சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மழை மாதங்களில் வேலை நின்றுவிடும், தட்டுச் சோறு மட்டும் அதே அளவில் இருக்கும். பலருக்கு எடை ஏறுவது அந்த மாதங்களில்தான். அவர்கள் மாற்ற வேண்டியது டயட்டின் பெயரை அல்ல, வேலை இல்லாத மாதத்துச் சோற்றின் அளவை. தையல் மெஷினிலும், கடையிலும், அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் கதை வேறு. அரை மணி வேக நடை 120 கலோரி சுமாருக்குச் செலவாக்கும். அதோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை வேண்டும்: கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து பத்துப் பதினைந்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது. சாயங்காலம் திண்டிவனம் ரோட்டு ஓரமாக நடப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை, வண்டிகள் பறக்கிற ரோடு அது. ஊருக்குள்ளே, ஏரிக்கரையிலே நடங்கள்.

இவர்கள் தாமாக டயட் மாற்றக் கூடாது

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள்: சோற்றை வெட்டென நிறுத்தினாலோ, 16 மணி நேரம் பட்டினி கிடந்தாலோ, மாத்திரை மட்டும் தன் வேலையைச் செய்யும். குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், கண் இருட்டும். உப்பளத்தில் வெயிலில் நிற்பவர் "வெயிலுக்கு வேர்க்குது" என்று நினைத்து விட்டுவிடுவார், அதுதான் பயம். இப்படி வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு சாப்பிட வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பேலியோ மாதிரி மாவுச்சத்து இல்லாத உணவு வேறு விதமான ஆபத்தைத் தரும். மாத்திரை அளவை டாக்டர் மாற்றித் தந்த பிறகுதான் சாப்பாட்டை மாற்ற வேண்டும்.

உப்பளச் சகோதரிகளுக்கு இன்னொன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், உடம்பில் நீர் வற்றுவதும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரிந்தது. கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் நம்மிலேயே எத்தனை பேர்? அந்த நிலையில் பட்டினி டயட்டும், முதல் வாரம் தண்ணீரை வெளியேற்றும் டயட்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத் தாங்காது. உப்பு வாரும் நாளில் காலைக் கூழோ பழையதோ மோரோ நிறுத்தவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் எந்த டயட்டும் கிடையாது. ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மூன்று மாதத்துக்கு மேல் முள் நகரவில்லை என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், முகத்தில் முடி வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறா என்று பார்க்க வேண்டும். சில மருந்துகளும் எடையைப் பிடித்து வைக்கும்: இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, மனநலத்துக்கான சில மாத்திரைகள். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்று இருந்தால் தருவார். இப்போது பேசப்படும் எடைக் குறைப்பு ஊசிகளும் டாக்டர் பரிசோதித்து எழுதித் தர வேண்டியவை. தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர்கள் பலர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்களே. அவர்கள் வரும்போது, "நான் சோத்தைக் குறைச்சிருக்கேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையை அவர்கள் கையில் காட்டுங்கள்.

கடைசியாக, இதற்கு நேர் எதிரான ஒன்று. எதையும் குறைக்காமல், வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு மூன்று மாதத்தில் நாலைந்து கிலோ இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு மிகுதி, காசநோய், புற்றுநோய் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.